மொட்டைத்தலைச் சிங்கங்கள்

போன வாரம் சத்துமாவு உருண்டையைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "உங்கள் கையால் உருண்டை வாங்கித் தின்ற பிள்ளைகள் எல்லாம் இப்போது என்ன செய்கிறார்கள் டீச்சர்?"

நல்லாக் கேட்டீங்க போங்க. அந்தப் பிள்ளைகள் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு மேசையிலிருந்து தொடங்க வேண்டும்.

கடலாடியில் அன்சாரியின் ஃப்ளெக்ஸ் கடை மேசை அது. கொண்டுபோன மஞ்சப்பையை அதன் மேல் கவிழ்த்தேன். முப்பது முப்பத்தைந்து பழைய போட்டோக்கள் விழுந்தன. எல்லாப் போட்டோவிலும் யாரோ ஒருவர் மடியில் ஒரு குழந்தை. எல்லாக் குழந்தைக்கும் மொட்டைத்தலை, தலை நிறையச் சந்தனம், கழுத்தில் தலையை விடப் பெரிய மாலை. வாயைப் பிளந்துகொண்டு அழுகை.

அன்சாரி பெரியபட்டினத்துக்காரன். ஃப்ளெக்ஸில் யாரை வேண்டுமானாலும் யாருக்குப் பக்கத்திலும் நிற்க வைத்துவிடுவான். அப்படிப்பட்டவனே கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினான்.

"என்ன டீச்சர், ஒரே புள்ளைக்கு இத்தன தடவையா காது குத்துனீங்க?"

"ஏலே, நல்லாப் பாரு. ஒவ்வொண்ணும் ஒரு வீட்டுப் புள்ள."

"வல்லாஹி, சத்தியமா எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

அவன் அன்றைக்கு உண்மையைத்தான் சொன்னான். நான்தான் அதைக் காதில் வாங்கவில்லை.

சிங்கமும் புலியும்

ஊர்ப் பெயர்களை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த ஃப்ளெக்ஸில் என் படம்தான் வரும், மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று போட்டு. வடக்கூர், தெக்கூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலாடிக்குத் தெற்கே, வாலிநோக்கத்து உப்புக்காற்று வந்து சேரும் தூரத்தில் இரண்டு ஊர்கள். இரண்டுக்கும் ரோடு பிரிகிற இடம் ஒன்று. எங்கள் பக்கம் அதை விலக்கு என்போம். பஸ் அங்கேதான் நிற்கும். ரேஷன் கடை, டீக்கடை, காளி கோவில், நான் டீச்சராக இருந்த பால்வாடி எல்லாம் அங்கேதான். எல்லாமே இரண்டு ஊருக்கும் பொது.

நான் பிறந்தது வடக்கூர், வாக்கப்பட்டது தெக்கூர். என் வீட்டுக்காரரின் தங்கை மல்லிகாவை என் அண்ணன் வேலுச்சாமிக்குக் கொடுத்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். அதனால் நான் அவளுக்கு மதினி, அவள் எனக்கு மதினி. இரண்டு ஊரிலும் பாதி வீடுகள் இப்படித்தான். கொண்டான் கொடுத்தான் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

என் மகன் சரவணன் தெக்கூர் இளைஞர்களுக்குத் தலைவன். அண்ணன் மகன் கார்த்தி வடக்கூர் இளைஞர்களுக்குத் தலைவன். யார் தேர்ந்தெடுத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். இருவரிடமும் கறுப்புக் கண்ணாடி இருந்தது, அவ்வளவுதான் தகுதி.

சரவணன் பிறந்தநாளுக்கு விலக்கில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிறான். பக்கத்தில் ஒரு சிங்கம், கீழே 'தெக்கூர் சிங்கமே' என்று வரி. எங்கள் சிங்கம் கரண்டு போனால் "அம்மா, எங்கன இருக்க?" என்று குரல் கொடுக்கும். அது எனக்குத் தெரியும், கூட்டாளிகளுக்குத் தெரியாது. நாலு நாள் கழித்து எதிர்ப்பக்கம் கார்த்தியின் ஃப்ளெக்ஸ் வந்தது. அவனுக்குப் புலி.

ஒருநாள் காலையில் பார்த்தால் சரவணன் ஃப்ளெக்ஸில் மூஞ்சியைக் காணவில்லை. மூஞ்சியை மட்டும் கச்சிதமாகக் கிழித்திருந்தார்கள். சிங்கம் பத்திரமாக இருந்தது.

யார் கிழித்தது? வடக்கூரில் யாரைக் கேட்டாலும், "ஆடு மேஞ்சிருக்கும்" என்றார்கள். அத்தனை உயரத்தில் ஏறி, கழுத்துக்குக் கீழே ஒரு வாய்கூட வைக்காமல், முகத்தை மட்டும் தின்றுவிட்டுப் போன ஆட்டை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

அந்த வருசம் பங்குனிப் பொங்கலில், காளி கோவில் முன்னாலேயே இரண்டு பக்கத்துப் பயல்களும் கட்டிப் புரண்டார்கள். எந்தக் கையிலிருந்து எந்த அருவாள் வந்தது என்று யாருக்கும் தெரியாது. சரவணனுக்கு முழங்கைக்குக் கீழே நீளமாக வெட்டு. ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தார். எங்கள் ஊர்ப் பயல்கள் குறுக்கே நின்றார்கள். உள்ளே படுத்திருந்த சரவணனும், "அவரு இங்கன வரக் கூடாது" என்று கத்தினான். அது வாசலில் கேட்டிருக்கும். கையில் வைத்திருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை நர்சிடம் கொடுத்துவிட்டு அண்ணன் திரும்பிப் போனார். அதற்குப் பிறகு ஒரு வருசம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை.

ஆட்டின் மேல் நடவடிக்கை

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. விலக்கில் பந்தல் போட்டு அமைதிக் கூட்டம் நடத்தினார்கள். அதிகாரிகள் வந்தார்கள். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள். இளைஞர்கள் நாட்டின் தூண்கள் என்று ஒருவர் அரைமணி நேரம் பேசினார். தூண்கள் இரண்டு வரிசையாக நின்று ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன.

பிறகு விசாரணை. ஃப்ளெக்ஸைக் கிழித்தது யார் என்று கேட்டதற்கு வடக்கூர்ப் பக்கம் பழையபடி ஆடு என்றது. அதிகாரியும் களைத்துப்போய், "சரி, இனிமேல் ஆடுகளைக் கட்டி வையுங்கள்" என்று உத்தரவு போட்டார். ஆடு வளர்க்கிற இருளாயிக்கு வந்ததே கோபம்.

"சார், என் ஆடு வேப்பங்கொழையையே ஆஞ்சுதான் திங்கும். இவன் மூஞ்சியவா திங்கும்?"

கூட்டம் சிரித்தது. சரவணனுக்கு முகம் சுண்டிவிட்டது. கடைசியில் கை குலுக்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார்கள். சரவணனும் கார்த்தியும் குலுக்கிய குலுக்கில் இருவருக்குமே மறுநாள் விரல் வீங்கியிருந்தது. போட்டோவில் மட்டும் நல்லாச் சிரித்திருந்தார்கள். மிக்சர் பொட்டலம் எனக்கும் ஒன்று வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன்.

அடுத்த பங்குனி நெருங்கியது. ஒரு மதியம் ஆட்டுக்கொட்டகையில் விறகு எடுக்கப் போனேன். மூலையில் ஒரு சாக்கு. பிரித்துப் பார்த்தால் உள்ளே அருவாள்கள். கருவேலம் வெட்டுகிற அருவாள்கள் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கும், அதில் அதிசயம் இல்லை. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் புதுப்பிடி போட்டுச் சாணை பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் அப்போது வெட்டக் கருவேலம் ஏதும் இல்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை என் மகன் வெட்டுப்பட்டாலும் எனக்குப் பிள்ளை போச்சு, வெட்டினாலும் பிள்ளை போச்சு. எது நடந்தாலும் எனக்கு அண்ணன் இல்லை. கொட்டகையில் ஆட்டைக் கட்டிக்கொண்டு அழுத ஒரே டீச்சர் நானாகத்தான் இருப்பேன்.

பருப்பு மூட்டையோடு பேசியது

மல்லிகாவும் நானும் சந்திக்கிற ஒரே இடம் ரேஷன் கடை. பேசினால் இரண்டு ஊர்ப் பயல்களும் வீட்டில் போய்ச் சொல்லிவிடுவார்கள். அதனால் இருவரும் துவரம்பருப்பு மூட்டையைப் பார்த்தபடி பேசினோம்.

"மதினி, எங்க வீட்டுல ஒரு சாக்கு கெடக்கு," என்றேன் மூட்டையிடம்.

"எங்க வீட்டுலயும் கெடக்கு மதினி. வைக்கப்போருக்குள்ள. புதுப்பிடி."

"எந்த ஆசாரி?"

"இந்தப் பக்கம் எத்தன ஆசாரி இருக்கான்? ரெண்டு ஊருக்கும் அவன் ஒருத்தன்தான். அவனுக்குத்தான் யோகம்."

பிறகு மல்லிகாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்தால் நல்ல யோசனையும் கூடவே வரும்.

"சிங்கமாம் புலியாம்! காது குத்துறன்னைக்கு எங்க வீட்டுக்காரரு மடியிலயே ஒண்ணுக்கு இருந்த பய ஒங்க மகன். எம் மகன் எங்கண்ணன் கைய வெறிநாய் மாதிரி கடிச்சு வச்சான். அந்தப் போட்டோவ எல்லாம் எடுத்து ஃப்ளெக்ஸ் போட்டா என்ன மதினி? எவன் மடியில உக்காந்து காது குத்துனோமுன்னு ஊரே பாக்கட்டும்!"

நான் பருப்பு மூட்டையை விட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துவிட்டேன்.

மாமன் மடி

எங்கள் பக்கத்துக் காதுகுத்தைப் பட்டணத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். குலசாமி கோவிலில் பிள்ளைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் தடவி, தாய்மாமன் மடியில் உட்கார வைப்பார்கள். தாய்மாமன் என்றால் பிள்ளையின் அம்மாவுடைய அண்ணன், தம்பி. ஆசாரி வந்து காது குத்துவார். இரண்டு காதும் குத்தி முடிகிறவரை மாமன் மடியைவிட்டுப் பிள்ளையை இறக்கக் கூடாது, மாமனும் எழுந்திருக்கக் கூடாது. பிறகு கிடா வெட்டு, சாப்பாடு, யாருக்கு ஈரல் வரவில்லை என்று ஒரு சண்டை.

தெக்கூர்ப் பிள்ளைக்கு அம்மா வடக்கூர் என்றால் மாமனும் வடக்கூர்தானே? ஆகவே தெக்கூர்ச் சிங்கங்கள் முக்கால்வாசி வடக்கூர்க்காரன் மடியில் அழுதவை. வடக்கூர்ப் புலிகள் தெக்கூர்க்காரன் மடியில் அழுதவை. இதை எந்த அமைதிக் கூட்டத்திலும் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை.

சரவணன் காதுகுத்து எனக்கு நேற்றுப் போல இருக்கிறது. அண்ணன் கரை வைத்த புது வேட்டி கட்டியிருந்தார். கிணற்று மோட்டார் பெல்ட்டில் மாட்டி அவருடைய இடது சுண்டுவிரல் கோணிப்போயிருக்கும். அந்தக் கையால் பிள்ளையின் நெஞ்சை அணைத்துப் பிடித்திருந்தார். ஆசாரி ஊசியை வைத்தாரோ இல்லையோ, சரவணன் நீர்வீழ்ச்சியைத் திறந்துவிட்டான். போட்டோக்காரன் சரியாக அந்த நொடியில் அமுக்கினான். வெட்கம் தாங்காமல் அந்தப் படத்தை ஆல்பத்தின் கடைசியில் குப்புற வைத்திருந்தேன்.

இப்போது அதைத்தான் முதலில் மஞ்சப்பைக்குள் போட்டேன்.

மற்ற அம்மாக்களிடம் மல்லிகா வடக்கூரிலும் நான் தெக்கூரிலும் வசூல் செய்தோம். பிள்ளைகளுக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கினோம். பெண்களுக்கு ரகசியம் தங்காது என்று சொல்கிற ஆம்பளைகள் இதைக் கொஞ்சம் படிக்கட்டும். ஒரு வாய்கூடத் திறக்கவில்லை.

ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பிள்ளையின் பெயரை எழுதி அன்சாரியிடம் கொடுத்தேன். மேலே என்ன போடுவது என்றான். சொன்னேன்: 'காளி கோவில் பங்குனிப் பொங்கலுக்கு வருகை தரும் சிங்கங்களையும் புலிகளையும் வருக வருக என வரவேற்கிறோம். இவண், பெற்ற தாய்மார்கள்.'

அன்சாரி செய்த காரியம்

காப்புக் கட்டுகிற நாள். விடிந்தும் விடியாமலும் விலக்கில் பெண்கள் சேர்ந்துவிட்டோம். ஃப்ளெக்ஸ் கட்டுவதை ஆம்பளை வேலை என்று இத்தனை நாளும் விட்டுவைத்திருந்தோம், அதில் ஒன்றுமே இல்லை. சவுக்குக் கம்பை ஊன்றி, சுருட்டி வந்ததைப் பிரித்துக் கட்டினோம். பிறகு எல்லாரும் தள்ளி நின்று அண்ணாந்து பார்த்தோம்.

ஒரு மாமனுக்கும் முகம் இல்லை!

வரிசை வரிசையாக மொட்டைக் குழந்தைகள் அழுகின்றன. ஒவ்வொன்றையும் இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. கைக்கு மேலே ஒன்றும் கிடையாது. என் யோசனையின் உயிரே மாமன்மார் முகம்தான். அங்கேயே போன் போட்டேன்.

"ஏலே அன்சாரி, மாமனுகள எல்லாம் எங்கடா?"

"வெட்டிட்டேன் டீச்சர். பாதிப் பேரு கண்ண மூடியிருந்தாக. பெரியாளுக எடத்த அடைக்கிறாக, பாப்பா தெரியணும்ல?"

அதற்குள் மல்லிகா என் முதுகில் குத்தினாள். "மதினி, பேரப் பாருங்க, பேரப் பாருங்க."

பெயர்களும் மாறியிருந்தன. படத்தின் பின்னால் நான் எழுதியதைத் தனியாகக் குறித்து வைத்துவிட்டு, பிறகு தோன்றிய இடத்தில் ஒட்டியிருக்கிறான். நீர்வீழ்ச்சிக் குழந்தை, அதாவது என் மகன், நட்ட நடுவில் பெரிதாக இருந்தான். கீழே கொட்டை எழுத்தில் 'கார்த்தி' என்று இருந்தது.

"பேரு மாறிப்போச்சேடா பாவி!"

"எல்லாம் ஆண்டவனோட புள்ளைகதான டீச்சர்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

கழற்றிவிடலாம் என்று கம்பில் கை வைத்தேன். நேரம் இல்லை. வடக்குப் பக்கம் வண்டிச் சத்தம் கேட்டது, தெற்குப் பக்கமும் கேட்டது.

மாமன்மார் கை

கார்த்தி முதல் வண்டியில் வந்தான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் மடியில் சாக்கு. எதிரே சரவணன் கூட்டம் வந்து நின்றது. அங்கேயும் ஒரு சாக்கு. இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று பார்ப்பதற்கு முன்னால் ஃப்ளெக்ஸைப் பார்த்துவிட்டன.

படித்து முடிக்க அரை நிமிசம் ஆகியிருக்கும். தெக்கூர்ப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தவன் என் மகன்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வண்டியிலேயே சாய்ந்துவிட்டான்.

"ஏலே, வடக்கூர்ப் புலி ஒண்ணுக்கு இருக்குதுடா!"

கார்த்தியின் முகம் கறுத்தது. "அது நான் இல்லடா!" என்று கத்தினான். இன்னும் சிரித்தார்கள். அவன் கை பின்னால் இருந்த சாக்குக்குப் போனது. அது என் பிள்ளை என்று சொன்னால் அந்தப் பக்கம் சிரிக்கும், இந்தச் சாக்கு பிரியும். சொல்லாவிட்டால் அந்தச் சாக்கு பிரியும். நாற்பது வருசம் வாயால் பிழைத்தவளுக்கு வாய் வரவில்லை.

மல்லிகா இரண்டு வண்டிக்கும் நடுவே போய் நின்றாள்.

"ஏலே கார்த்தி, சாக்க விடுடா! அது நீ இல்லடா கூறுகெட்டவனே. ஒனக்குக் காது குத்துனது ஒன் மாமன் மடியில. ஒன் மாமன் கையில பச்ச குத்தியிருக்கும். இந்தக் கையில இருக்கா, பாரு!"

கார்த்தி அண்ணாந்து பார்த்தான். பச்சை இல்லை.

"இல்ல," என்றான்.

"அப்ப நீ இல்லன்னு யாரு சொல்லணும்? ஒன் மாமன்தான சொல்லணும்? போய்க் கூட்டிட்டு வா!"

அவன் மாமன் என் வீட்டுக்காரர். சரவணனைப் பெற்றவர். சண்டை என்றால் விலக்க வேண்டுமே என்று சாப்பிடாமல்கூட வந்து டீக்கடை ஓரம் நின்றிருந்தார். கார்த்தி ஒரு வருசமாக அவர் முகத்தைப் பார்த்ததில்லை. இப்போது மானப் பிரச்சினை.

"மாமா," என்றான், தரையைப் பார்த்து. "கொஞ்சம் வாங்க. ஒங்க கை வேணும்."

என் வீட்டுக்காரர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். மெதுவாக வந்தார். சட்டைக்கையை மடக்கினார். பச்சை குத்திய கையை ஃப்ளெக்ஸ் பக்கத்தில் நீட்டினார்.

"இது நான் இல்ல," என்றார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்து வரிசையாகத் தேடினார். கீழ் வரிசையில் ஒரு குழந்தை ஒரு பச்சை குத்திய கையைக் கடித்துக்கொண்டிருந்தது. "இங்கன இருக்கேன். இதான்டா நீயி."

கார்த்தி குனிந்து அந்தப் படத்தைப் பார்த்தான். மாமன் கையைப் பார்த்தான். "கடிச்சேனா மாமா?" என்றான்.

"தழும்பு இருக்கு," என்றார்.

அதற்குள் மற்ற பயல்களுக்கும் சந்தேகம் வந்துவிட்டது. "ஏய், இது நான் இல்லடா, எனக்கு இவ்ளோ பெரிய காதா?" "எனக்குக் கவுன் மாட்டியிருக்குடா, அம்மா!" அம்மாக்களுக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. ஒரே குழந்தையை மூன்று பேர் என் பிள்ளை என்றார்கள், கவுன் போட்ட குழந்தையை ஒருத்தியும் கேட்கவில்லை. தீர்த்து வைக்க மாமன்மார் கைதான் சாட்சி. அந்த மாமன்மார் எல்லாரும் எதிரி ஊரில்.

ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். ஒரு வருசமாக அழைக்காத நம்பர்கள்.

"மாமா, நான்தான். ஆமா மாமா. சண்டை எல்லாம் இல்ல, ஒரு நிமிசம் விலக்குக்கு வாங்க. ஒங்க கை வேணும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு ஊரிலிருந்தும் மாமன்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு மோதிரம், ஒருவருக்குக் கட்டைவிரலில் வெட்டு, ஒருவருக்குப் பழைய வாட்ச். டீக்கடைக்காரர் பாய்லரை அணைக்க மறந்து வந்து நின்றார். பஸ் வந்தது, கண்டக்டரும் இறங்கிப் பார்த்தார். ஒவ்வொரு கையாகப் பொருந்தப் பொருந்த இரண்டு ஊரும் ஒரே கூட்டமாகிவிட்டது. யார் எந்தப் பக்கம் நிற்கிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை.

கடைசியில் ஒரு குழந்தை மிச்சம். நட்ட நடுவில், பெரிதாக, நீர்வீழ்ச்சியோடு. பிடித்திருந்த கையில் சுண்டுவிரல் கோணியிருந்தது.

சரவணனின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. என்னைப் பார்த்தான்.

"ஏம்மா?"

நான் காளி கோவில் கோபுரத்தைப் பார்த்தேன்.

கோணல் விரல்

அண்ணன் வடக்கூர்ப் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அவரை யாரும் போனில் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியவன் போனைக் கையில் எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு அவராகவே நடந்து வந்தார். கூட்டம் வழி விட்டது. இடது கையை எடுத்து அந்தப் படத்தின் மேல் வைத்தார். கோணல் விரல் மேல் கோணல் விரல் படிந்தது.

கார்த்தி சிரிக்க வாயெடுத்தான். அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், வாய் மூடிக்கொண்டது.

"அன்னைக்குத்தான்டா மொத மொத உடுத்துன வேட்டி," என்றார் சரவணனிடம். "நனைச்சுட்ட. எல்லாரும் சிரிச்சாக. நான் எந்திரிச்சேனா?"

சரவணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேக்குறேன்ல மாப்ள. எந்திரிச்சேனா?"

"இல்ல மாமா."

அண்ணன் அவன் கையைப் பிடித்துத் திருப்பினார். தையல் தழும்பு மேல் கட்டைவிரலை வைத்தார்.

"ஒரு காது குத்துனதுக்கே அந்த அழுக அழுத. இதுக்கு எப்படிடா அழுதுருப்ப? நான் இல்லாமப் போயிட்டேனேடா."

சொல்லிவிட்டு அவரே அழுதார். சரவணன் அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினான். எனக்கும் மல்லிகாவுக்கும் சொல்லவே வேண்டாம். நாங்கள் ஒருவர் முந்தானையில் ஒருவர் மூக்கைத் துடைத்துக்கொண்டோம். அந்த ஒரு வருசத்து அழுகையை அன்றைக்கே அழுது முடித்தேன்.

"அய்யா," என்று தகப்பனைக் கூப்பிடும் கார்த்தியின் குரல் கேட்டது. "ஒண்ணுக்கு இருந்தது அவன்தான்னு ஒரே ஒரு தடவ சத்தமாச் சொல்லிருங்கய்யா. கண்டக்டரு போகப்போறாரு."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. சரவணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவனை மிதிக்க ஓடினான்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் அன்றைய மிச்ச வார்த்தைகளைப் பேசினார்.

"சாக்குல இருக்க அருவாள எல்லாம் எடுங்கடா."

எல்லோரும் உறைந்துவிட்டோம். அவர் கோவிலைக் காட்டினார்.

"பந்தலுக்கு இன்னும் கம்பு வெட்டல."

மழை

எல்லாம் ஒரே நாளில் தீர்ந்தது என்று எழுதினால் நான் பொய்க்காரி. அந்த அருவாள் வெட்டுக்குப் போட்ட வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா அன்றைக்குச் சரவணனும் கார்த்தியும் ஒரே வண்டியில் போய் எதிரெதிராக நின்றுவிட்டு, ஒரே வண்டியில் திரும்பி வருகிறார்கள். போகிற வழியில் பரோட்டா வேறு. பக்கத்து ஊர்களிலிருந்து அம்மாக்கள் என்னிடம் மஞ்சப்பையோடு வருகிறார்கள். மாமன் முகத்தை வெட்டிவிடச் சொல்லி அன்சாரியிடம் நானே சொல்லி அனுப்புகிறேன். தான் அன்றைக்கே யோசித்துத்தான் வெட்டியதாக அவன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

திருவிழா முடிந்து ஃப்ளெக்ஸைக் கழற்றியபோது அண்ணன் கேட்டு வாங்கிக்கொண்டார். களத்தில் மிளகாய் காயப் போட்டிருந்தார், மூடுவதற்கு ஆகும் என்றார். சரவணனும் மாமனுக்கு ஒத்தாசையாகக் களத்துக்குப் போக ஆரம்பித்திருந்தான். ஒரு சாயங்காலம் நான் அங்கே இருக்கும்போது திடீரென்று கோடை மழை பிடித்துக்கொண்டது. மிளகாய் நனைந்தால் அந்த வருசப் பாடு அவ்வளவுதான். எல்லோரும் ஓடி மிளகாயைக் குவித்தோம். சரவணன் ஒரு மூலையையும் கார்த்தி எதிர் மூலையையும் பிடித்து ஃப்ளெக்ஸைக் குவியல் மேல் விரித்தார்கள். காற்று அதைத் தூக்கித் தூக்கி அடித்தது.

"கார்த்தி, மெதுவா இழுடா!" என்று அண்ணன் கத்தினார். "சரவணன் மூஞ்சி கிழிஞ்சுறப் போகுது."

"அதெல்லாம் தாங்கும்யா," என்றான் கார்த்தி. மழையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வேலை மும்முரத்தில், யோசிக்காமல் சொன்னான். "போன தடவ கிழிக்கிறதுக்குள்ள எனக்குக் கை வலிச்சுப் போச்சு."

சொன்ன பிறகுதான் சொன்னது அவனுக்கே உறைத்தது. அண்ணன் அசையவில்லை. மல்லிகா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் என் மகன் கையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. மழை ஃப்ளெக்ஸ் மேல் சடசடவென்று அடித்தது.

சரவணன் மூலையை விடவில்லை.

"தெரியும்டா," என்றான். "அந்தப் பக்கம் இழு மச்சான். மொளகா நனையுது."